சாய்கோடு போட்டு ஒரு N

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த ஜாப் டைப்பிங் சென்டரில் வேலை பார்த்தேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஏ.சி. என்ற பெயரில் இரைச்சல் போடும் ஒரு பெட்டி. டைப் அடிக்கும் எடிட்டரை நானே எழுதியிருந்தேன். அதனால் என்னைப் பெரிய பிஸ்தா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எடிட்டரின் பெயர் TE. கறுப்புத் திரையில் TE என்று அடித்து, ஃபைலின் பெயரை அடித்து, பின்னால் சாய்கோடு போட்டு ஓர் எழுத்தைச் சேர்த்தால் ஒரு வித்தை காட்டும். /W என்றால் வரியின் அகலம் மாறும். /B என்றால் பழைய பிரதியைத் தனியே எடுத்து வைக்கும். /N என்றால் புது வேலை, வெற்றுத் தாளோடு தொடங்கும். இப்படி இருபத்து மூன்று. மின்சார ரயிலில் நின்றபடியே இருபத்து நான்காவதை யோசிப்பேன். அத்தனை சந்தோஷம் அதில். அதையெல்லாம் யார் கேட்டார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

பெருங்களத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் அக்கா புதிதாகச் சேர்ந்தார். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். வீட்டுக்கு அவர் சம்பளம் ஒன்றுதான். கம்ப்யூட்டரைத் தொட்டது அதுவே முதல் தடவை. நான் ஒரு துண்டுச் சீட்டில் TE THESIS /N என்று எழுதி மானிட்டரின் நெற்றியில் ஒட்டிவிட்டேன். ஒரு கல்லூரி ஆசிரியரின் ஆய்வேட்டில் கடைசி அத்தியாயம் அவர் கைக்கு வந்தது. முதல் நாள் அந்த வரியை அடித்துத் தொடங்கினார். அடுத்த இரண்டு நாளும் காலையில் நானே வந்து, /N போடாமல் ஃபைலைத் திறந்து கொடுத்தேன்.

நான்காம் நாள் என் ரயில் லேட். எதற்குக் காத்திருப்பது என்று அக்கா தானே உட்கார்ந்து, சீட்டைப் பார்த்து அடித்திருக்கிறார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வளர்ந்த விரல்கள் அவை. கொடுத்த வரியைக் கடைசி எழுத்து வரை அடித்தால்தான் அவற்றுக்கு நிம்மதி. பாதியில் நிறுத்தத் தெரியாது.

நான் படியேறி வந்தபோது திரை வெறுமையாக இருந்தது. இருபத்தெட்டுப் பக்கம் போயே போய்விட்டது. சுத்தமாக இருக்கட்டும் என்று, /N அடித்ததும் டிஸ்க்கில் இருப்பதையும் துடைத்துவிடும்படி எழுதியிருந்தேன். மகா புத்திசாலி!

"நான் இன்னாம்மா தப்பா அடிச்சேன்?" என்றார் அக்கா.

"இவங்களுக்கெல்லாம் டைப்ரைட்டிங் மெஷின்தான் லாயக்கு. நாலு மணிக்கு சார் பிரிண்ட் வாங்க வர்றாரு, நான் என்ன பதில் சொல்றது? நாளைலேர்ந்து வேற ஆளப் பாத்துக்கறேன்," என்றார் பின்னாலேயே வந்து பார்த்த முதலாளி.

நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும். சீட்டில் இருப்பதைத்தானே அடித்தார், எழுதியவள் நான்தானே என்று உள்ளுக்குள் தெரிந்தும் கல் மாதிரி நின்றேன். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அக்கா கைப்பையை எடுத்தார்.

"சார், தப்பு என்னுது. அவங்க நான் எழுதிக் குடுத்ததத்தான் அடிச்சாங்க. அனுப்பறதுன்னா என்னை அனுப்புங்க," என்றேன்.

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நாலு மணிக்குப் பிரிண்ட் ரெடியா இருந்தா அப்புறம் பேசலாம்," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

ஆசிரியரின் கையெழுத்து நோட்டு எங்களிடமே இருந்தது. நான் வாசித்தேன், அக்கா அடித்தார். சும்மா சொல்லக்கூடாது, என்ன வேகம்! என் நாக்குதான் தடுக்கியது. "ம், படி படி, எச்சில் முழுங்கறதெல்லாம் அப்புறம்," என்று விரட்டினார். மூன்று மணிக்கெல்லாம் பிரிண்டர் கத்த ஆரம்பித்தது. முதலாளி வந்து தாள்களைப் புரட்டிப் பார்த்து, மூன்று டீ சொல்லியனுப்பினார். அதுதான் அவர் பதில். அந்த டீ அவ்வளவு ருசியாக இருந்தது.

டீயை உறிஞ்சியபடி அக்கா கேட்டார்: "ஏம்மா, சாய்கோடெல்லாம் எதுவும் போடாம வெறும் TEன்னு அடிச்சா இன்னா வரும்?"

"ஃபைல் பேர் குடுக்கலன்னு திட்டும்."

"ஏன், நேத்து நான் இன்னா பண்ணிகினு இருந்தேன்னு அதுக்குத் தெரியாதா?"

இருபத்து மூன்று வித்தைகளில் இதை நான் யோசித்திருக்கவே இல்லை. அந்த ஞாயிறு முழுக்க உட்கார்ந்து மாற்றினேன். இனி /N ஏற்கெனவே இருக்கும் ஃபைலைத் தொடாது. பழைய பிரதி கேட்காமலே பத்திரமாகும். வெறும் TE போதும்.

திங்கட்கிழமை மானிட்டரிலிருந்த சீட்டைக் கிழித்துப் போட்டேன். அக்கா சந்தேகத்தோடு இரண்டே எழுத்து அடித்தார். சனிக்கிழமை வேறொரு வேலையில் பாதியில் நிறுத்தியிருந்த வாக்கியம் திரையில் வந்தது, அதன் முனையில் கர்சர் கண்சிமிட்டியது.

"ஐய, எனக்காவ அங்கியே நின்னுகினு கீது பாரேன்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே அந்த வாக்கியத்தை அடித்து முடித்தார்.