வஞ்சிரம் என்று விற்ற சூரை

ஐந்தருவிக்குப் போகும் வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மூன்று சீசன் மீன் பொரித்தேன். பலகையில் வஞ்சிரம் என்று எழுதியிருக்கும். கல்லில் வெந்தது எலிச்சூரை. முழங்கை நீளம்கூட இல்லாத, உருண்டு திரண்ட மலிவு மீன். நடுவில் ஓடும் கறுஞ்சிவப்புச் சதையை நறுக்கி எறிந்துவிட்டு மசாலாவை அப்பினால், அருவியில் குளித்துப் பசியோடு வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. நறுக்கியதும் அப்பியதும் நான்தான்.

ஒரு நாள் தூத்துக்குடி மீன் வண்டி மதியம்தான் வந்தது. பெட்டியில் ஐஸ் கரைந்து வெறும் தண்ணீர் கிடந்தது. நாற்றம் இல்லை. முதல் துண்டைப் பொரித்து வாயில் வைத்ததும் நுனிநாக்கு சுருசுருவென்றது. துப்பிவிட்டு முதலாளியிடம் போனேன்.

"அண்ணாச்சி, மீன் சரியில்ல. நாக்கெல்லாம் சுருக்குசுருக்குங்குது."

"மசாலா காரமா இருக்கும். கூட்டம் நிக்குது பாரு, போடு."

போட்டேன்.

ஆலங்குளத்திலிருந்து புதிதாகக் கல்யாணமான இருவர் வந்திருந்தார்கள். அவன் சைவம். அவள் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "வஞ்சிரம் நல்லாருக்குக்கா" என்று என்னிடமே சொன்னாள். அரைமணி நேரத்தில் முகமும் கழுத்தும் நெருப்பாய்ச் சிவக்க, தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். ஆட்டோவில் தென்காசிக்குக் கொண்டுபோனார்கள்.

சாயங்காலம் உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். முதலாளி என்னைக் கைகாட்டினார்.

"இவ கை சுத்தமில்ல சார். எத்தனை மட்டம்தான் சொல்லுதது?"

"மீன் கெட்டிருக்குன்னு நான் அப்பவே சொன்னேன் சார்."

"தெரிஞ்சா ஏம்மா பொரிச்ச?" என்றார் அதிகாரி.

கடையைப் பூட்டச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாள் பூட்டிக் கிடந்த கடையைத் திறந்தபோது என்னை மட்டும் கூப்பிடவில்லை.

கடை பூட்டிய மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் முகத்தில் சிவப்பு இறங்கியிருந்தது.

"அது வஞ்சிரமே இல்லியாம், சூரையாம். ஐஸ் இல்லாமக் கெடந்தா அதுல ஒரு விஷம் ஊறுமாம். எவ்வளவு பொரிச்சாலும் போகாதுன்னு டாக்டர் சொல்லுதாரு. மீன் கெட்டுக் கெடந்தது ஒங்களுக்கும் தெரிஞ்சிருக்காதுல்லா?"

"தெரியாதும்மா" என்றேன்.

அவள் கணவன் எனக்கு டீ வாங்கிவந்தான். "கடைக்காரன் எட்டிக்கூடப் பாக்கல. நீங்களாவது வந்தியளே" என்றான்.

குடித்து முடித்து டம்ளரை அவன் கையிலேயே கொடுத்தேன். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் முதலாளியைத் திட்டிக்கொண்டே வந்தேன். எவ்வளவு திட்டியும் மனசு ஆறவில்லை. அந்தப் பெண்ணிடம் பொய் சொன்னது அவரில்லையே.