எங்கள் வீட்டில் முடியாத ஆகஸ்ட்

வைரஸிடமிருந்து கணினியைக் காப்பாற்ற ஊரில் எல்லோரும் என்னென்னவோ செய்துகொண்டிருந்தபோது, நான் காலத்தையே நிறுத்திவைத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. கல்கத்தாவில் எங்கள் பெஹாலா குவார்ட்டர்ஸில் வேறு யாருக்கும் அது தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வைரஸ் தடுப்பு மென்பொருளை முப்பது நாள் இலவசமாகத் தருவார்கள். அதற்குப் பிறகு அது கையை விரித்துவிடும். மாதக் கடைசியில் கணினியின் தேதியை மறுபடி ஒன்றாம் தேதிக்குத் தள்ளிவிட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது, பாவம். துர்கா பூஜை முடிந்து, குளிர் வந்து, கடைகளில் புது வெல்லத்தில் செய்த சந்தேஷ் இனிப்பு வந்த பிறகும் எங்கள் கணினியில் மட்டும் ஆகஸ்ட்தான். ஆகஸ்டுக்குப் பிறகு பிறந்த எந்த வைரஸையும் அந்த மென்பொருள் கேள்விப்பட்டதில்லை. அதனால் தினமும் ‘எல்லாம் நலம்’ என்றது. ஒன்று போதாது என்று அதே மாதிரி மூன்றைப் போட்டிருந்தேன். சுவிட்சைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போனால், தலை துவட்டி வரும்போது கணினி பாதி எழுந்திருக்கும்.

அந்தக் கணினியில்தான் என் மனைவி ஒரு சிறு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள். மாற்றலாகிக் கல்கத்தா வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு அவசர வங்காளி: பஸ்ஸில், சந்தையில், டாக்டரிடம் என்ன சொல்வது என்று தமிழ் எழுத்தில், அர்த்தத்தோடு. ஒரு வருட உழைப்பு. சனிக்கிழமை பவானிபூர் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.

“ஹார்ட் டிஸ்க்ல எதையும் வைக்காதே, ஆபத்து” என்று பூஜை சமயத்தில் அவளைப் பயமுறுத்தியிருந்தேன். அன்றிலிருந்து அவள் பிளாப்பியிலேயே திறந்து, திருத்தி, பிளாப்பியிலேயே சேமித்திருக்கிறாள். கணினிக்குள் கிடந்தது பழைய பிரதி. என் பேச்சை அவள் கேட்டிருப்பாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அப்படி நடந்து எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கணினி அப்படியே உறைந்து நின்றது. வைரஸ்தான் என்று தீர்ப்பு எழுதினேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பதாக முடிவு. அதற்கு முன் மனைவியின் புத்தகத்தை மட்டும் பிளாப்பியில் ஏற்றிக் காப்பாற்றிவிட வேண்டும் அல்லவா? கணினியை அணைத்துத் திரும்பப் போட்டு, ஏற்றப் போனால் திரையில் ஒரு கேள்வி: பிளாப்பியில் இதே பெயரில் ஆகஸ்ட் 3 தேதியிட்ட கோப்பு இருக்கிறது, அதை ஆகஸ்ட் 28 கோப்பால் மாற்றட்டுமா?

இதையெல்லாமா கேட்பது? மூன்று பழையது, இருபத்தெட்டு புதியது. ‘சரி’ என்று தட்டினேன். அந்த மூன்றாம் தேதி போன வாரம்தான் வந்தது, அந்த இருபத்தெட்டு பூஜைக்கும் முந்தையது என்பது உலகத்திலேயே ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் ‘சரி’யைத் தட்டிக்கொண்டிருந்தான்.

கணினி மறுத்தது. பிளாப்பியில் எழுத முடியாதாம். திரும்பத் திரும்பத் தட்டியும் அதே பதில்.

“இங்க ஓடி வா! வைரஸ் பிளாப்பிக்குள்ள பூந்துடுச்சு! எழுதவே விடமாட்டேங்குது!”

கையில் கரண்டியோடு வந்தாள். “நீங்க என்னத்த எழுதப் போனீங்க?”

“உன் புக்கைத்தான். ஆகஸ்ட் இருபத்தெட்டு. லேட்டஸ்ட்.”

“எந்த ஆகஸ்ட்டுங்க?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் பிளாப்பியை உருவி, பின்பக்கம் திருப்பி, மூலையில் இருந்த குட்டிக் கறுப்புத் தாழ்ப்பாளைக் காட்டினாள். அதைத் தள்ளிவைத்தால் உள்ளே இருப்பதைப் படிக்கலாம், மாற்ற முடியாது.

“டைப் அடிக்கிறப்ப திறப்பேன். முடிஞ்சதும் பூட்டிடுவேன்.”

“வைரஸுக்குப் பயந்தா?”

“லுங்கி கட்டிக்கிட்டு நடந்து வர்ற வைரஸுக்கு.”

பிளாப்பி அவள் கைப்பைக்குள் போயிற்று. மறுநாள் அவளே பஸ் ஏறி பவானிபூர் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். கீழ்வீட்டு தாதா, அதாவது வங்காளி அண்ணன், வந்து கணினியைப் பார்த்தார். வைரஸே இல்லையாம். மூன்று மென்பொருளும் ஒன்றையொன்று திருடன் என்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தனவாம். இரண்டைத் தூக்கிவிட்டுத் தேதியைச் சரிசெய்தார். ஒரே தட்டலில் எங்கள் வீட்டுக்கு டிசம்பர் வந்தது.

புத்தகமும் வந்தது. ‘ரிப்பேர் கடையில்’ என்ற பகுதியில் முதல் வாக்கியம், அச்சகத்தில் உட்கார்ந்து அவள் கடைசி நிமிடத்தில் சேர்த்தது: “ஆமார் ஷாமி நிஜே ஷாராத்தே கியேச்சிலேன்.” அதாவது, என் கணவர் தாமே சரிசெய்யப் போனார்.

சில மாதம் கழித்து லேக் மார்க்கெட் பக்கம் ஒரு ரிப்பேர் கடையில், ஊருக்குப் புதிதாக வந்த தமிழ்ப் பெண் ஒருவர் மிக்ஸியை மேஜையில் வைத்துவிட்டு, அந்தப் புத்தகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். கடைக்காரர் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

எங்கள் வீட்டு மிக்ஸியோடு அடுத்து நின்றவன் நான். எனக்குத்தான் அந்தப் புத்தகம் உதவவில்லை. கணவரே நேரில் வந்து நின்றால் என்ன சொல்ல வேண்டும் என்று அதில் எழுதவில்லை.