என் படத்துக்கு ஒரு நிமிட மௌனம்

வனத்துறையில் காவலராகச் சேர்ந்து, வனவராகி, வழுக்கையும் ஆகிவிட்ட எனக்குப் போன மாதம் புதிதாக ஒரு வேலை வந்தது. காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டின் வரலாறு சொல்ல வேண்டும். படங்களை ஆபீசே கொடுத்துவிட்டது. புரொஜெக்டரில் போட்டு, சுவரில் விழுவதைப் பார்த்துப் படித்தால் போதும்.

முதல் படம், இந்தப் பக்கத்துப் பழைய குத்துக்காடு. களா, காரை, வீரை, காசான் என்று முள்ளும் புதரும். இரண்டாவது படம், அதை வேரோடு பிடுங்கிவிட்டுத் தைலமரக் கன்று நட்ட நாள். கீழே பெரிய எழுத்தில் ‘அன்று செய்த தவறு’. தவறுக்கு நடுவில், கையில் கன்றோடு, முன்பல் இடுக்கு தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பது நான்.

நெஞ்சுக்குள் தறி நாடா இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடியது. அடுத்த படத்துக்குப் போகப் பொத்தானை அமுக்கினேன். பதற்றத்தில் அமுக்கியது பெரிதாக்கும் பொத்தான். என் மூஞ்சி சுவர் அளவுக்கு வந்து நின்றது. ஒரு பிள்ளைக்கும் அடையாளம் தெரியவில்லை. தப்பித்தேன் என்ற நிம்மதியோடு, அவ்வளவு கெட்டா போய்விட்டேன் என்ற எரிச்சலும் வந்தது.

“யாரு சார் அந்த அண்ணன்?” முதல் பெஞ்சுப் பெண் கேட்டாள்.

“அப்போ வேலை பார்த்த ஒருத்தரும்மா.”

“இப்போ எங்க இருக்குறாரு? ஏன் பிடுங்கனீங்கன்னு அவரையே கேக்கலாமே.”

“அவரு... செத்துட்டாரும்மா.”

நாக்கு என்னைக் கேட்காமலே கொன்றுவிட்டது. டீச்சர் உச்சுக்கொட்டினார். “ஐயோ பாவம், சின்ன வயசு. எல்லாரும் எழுந்திருங்க. ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி.”

நானும் தலைகுனிந்து நின்றேன்.

அந்தப் பெண் மட்டும் எழவில்லை. “காட்ட அழிச்சிட்டு சிரிச்சிக்கினு நிக்கறாரு. அவருக்கு எதுக்கு டீச்சர் நிக்கணும்?”

“செத்தவங்கள அப்படிப் பேசறதா? வெளிய போ!”

போனாள். நாந்தாம்மா அது என்று சொல்ல ஒரு நிமிடம் முழுதாக இருந்தது. அந்தக் காட்டுக்குப் பதிவேட்டில் ‘உதவாத புதர்’ என்று எழுதியது என் கைதான். பிடுங்குவதற்கு முன் களாப்பழத்தைச் சட்டைப்பை நிறையப் பறித்துத் தின்றதும் நான்தான். சொல்லவில்லை. செத்தவன் எப்படிப் பேசுவது? எல்லாரும் உட்கார்ந்ததும் மூன்றாவது படத்தைப் படித்தேன். தைலமரத்தையும் வேரோடு பிடுங்கிவிட்டு நாட்டுமரக் கன்று நடுகிறோம். கீழே, ‘இன்று செய்யும் சரி’. இதையும் நடுவது நான்தான்.

முடிந்ததும் வாசலில் ஆளுக்கொரு புங்கன் கன்று கொடுத்தேன். வெளியே நின்றிருந்தவளும் வரிசையில் வந்தாள்.

“சார், இத எப்போ வந்து பிடுங்குவீங்க?”

பதில் சொல்வதற்குள் எங்கள் ஜீப் டிரைவர் போனைத் தூக்கிப் பிடித்தார். “சார், ஆபீசுக்கு அனுப்பணும். கன்னுச் செடியப் புடிச்சிக்கினு கொஞ்சம் சிரிங்க.”

சிரித்தேன். அவள் போனைப் பார்க்கவில்லை. என் பல்லிடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.