லவுஞ்சில் இரண்டாவது டீ

இது நடந்தது. கட்டிவிட்ட கதை இல்லை. கோதண்டபாணி வியாபாரத்தில் நாலு பொய் சொல்லுவார். நாளைக்கே சரக்கு ரெடி என்பார், அடுத்த மாதம்தான் தருவார். ஆனால் இதைச் சொல்லும்போது மட்டும் மனிதர் கையில் இருக்கிற டீயைக் கீழே வைத்துவிடுவார். அதற்கப்புறம் அதைத் தொடவே மாட்டார். அதனால் நான் நம்புகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

2008ஆம் வருஷம். விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் அவருக்கு ஒரு சின்ன யூனிட். ஃபியூஸ் கட்டைகள் செய்வார்கள். துபாயில் ஒரு பார்ட்டி சாம்பிள் கேட்டதால் பயணம் வைத்தார். அந்த நேரம் பார்த்துச் சூளையும் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு ராத்திரி அதன் முன்னால் கண்விழித்துவிட்டு, விடியற்காலையில் அக்கா மகன் விருத்தகிரியைக் காவலுக்கு வைத்துவிட்டுக் காரில் ஏறினார். அக்கா தங்கம்மாளுக்கு அவன் ஒரே பிள்ளை. புருஷனும் இல்லை. "இவன் ஒருத்தன்தான்டா எனக்கு, பாத்துக்க தம்பி" என்று சொல்லித்தான் அவனை யூனிட்டில் விட்டிருந்தாள்.

அந்தச் சூளைக்கு ஒரு வழக்கம் உண்டு. தீ வைக்கும் முன்னால், சூளை வாய்க்குப் பக்கத்து மாடத்தில் ஒரு டீ வைக்க வேண்டும். முதலாளி கையால். அது காத்தவராயனுக்கு. அந்தச் சூளையைக் கட்டியவர் அவர். சாகும்வரை எரித்தவரும் அவர்தான். ஒரு மத்தியானம் அதன் முன்னால் உட்கார்ந்தபடி, "ஒரு டீ கொண்டாங்கப்பா" என்றார். டீ வருவதற்குள் உயிர் போய்விட்டது. அந்தக் குறை அவருக்கு இருக்கக்கூடாது என்று வந்த வழக்கம். இந்த முறை விசா, டிக்கெட் என்று அலைந்த அலைச்சலில் கோதண்டபாணி மறந்தே போனார்.

சென்னை விமான நிலையத்தில் உள்ளே போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. விமானம் நாலு மணிக்கு. உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்தது. கண்ணில் மண் விழுந்த மாதிரி எரிச்சல். பேங்க்கில் கொடுத்த கார்டு ஒன்று பையில் இருந்தது. "இதக் காட்டுனா லவுஞ்சுல சும்மாவே வுடுவாங்க மாமா, சோறு, டீ எல்லாம் இருக்குது" என்று விருத்தகிரிதான் எடுத்து வைத்திருந்தான்.

இரண்டு லவுஞ்ச் இருந்தன. முதலாவதில் பிரியாணி வாசனை, டிவி சத்தம், குழந்தைகள் அழுகை. இரண்டாவது கடைசியில், மூலையில். உள்ளே ஈ காக்கை இல்லை. மெல்லிய வெளிச்சம், சாய்ந்து படுக்கிற நாற்காலிகள். சோறா, தூக்கமா? தூக்கம் ஜெயித்தது. அங்கே போனார்.

வாசலில் இருந்த பெண் கார்டைத் தேய்த்துவிட்டுச் சிரித்தாள். "கூட வந்தவரும் போகலாம் சார்."

எல்லோரிடமும் சொல்கிற பேச்சு என்று நினைத்து உள்ளே போனார்.

அந்த நாற்காலியைப் பற்றி அவர் இன்றைக்கும் வாய் ஓயாமல் சொல்லுவார். காலை நீட்டினால் அதுவே தாங்கிக்கொண்டதாம். ஒரு தட்டில் முந்திரி. முகம் துடைக்க ஈரத்துண்டு. இதையெல்லாம் விட்டுவிட்டு இத்தனை வருஷம் பிளாட்பாரம் பெஞ்சில் கிடந்தோமே என்று தன்மீதே எரிச்சல் வந்ததாம்.

அந்தப் பெண் டீ கொண்டுவந்தாள். இரண்டு கோப்பை. இரண்டிலும் டீப்பை, நூல் வெளியே தொங்க. ஓசிதானே என்று இரண்டையும் அவரே குடித்தார். பிறகு கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தார். பீங்கான்காரர்கள் யாரும் இதைச் செய்யாமல் இருக்கமாட்டார்கள். அடியில் ஒரு சின்னப் பச்சைப் பறவை முத்திரை. நல்ல சரக்கு.

கண் சொக்கியது.

விழித்தபோது மறுபடி இரண்டு கோப்பை இருந்தது. ஒன்றைக் குடித்தார். மற்றதற்குக் கை நீட்டினார்...

டொக்.

யாரோ நகத்தால் கோப்பையைத் தட்டிப் பார்த்த மாதிரி. கீறல் இருக்கிறதா என்று சூளைக்காரர்கள் தட்டுவார்களே, அந்தச் சத்தம்.

எதிர் நாற்காலி காலிதான். ஆனால் அதன் மெத்தை அமுங்கியிருந்தது. கைப்பிடியில் வெள்ளையாகத் தூசி. களிமண் தூசி.

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவர் முழங்காலில் மட்டும் அனல் அடித்தது.

சுட்ட செங்கல் வாசனை...

எழுந்திருக்கப் பார்த்தார்.

காதோரம், களைத்த குரல்.

"ஒரு டீ கொண்டாங்கப்பா..."

அப்போதுதான் மாடம் ஞாபகம் வந்தது. காலியாக விட்டுவந்த மாடம். கோப்பையைச் சாசரோடு எதிர்ப்பக்கம் தள்ளினார்.

"மறந்துட்டேன்... எடுத்துக்குங்க."

கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தார்.

எதிர்ப்பக்கம் சாசர் மட்டும் இருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று இருபது.

அந்தப் பெண் வந்தாள். சாசரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "சார், இங்க ஒரு கப் இருந்துச்சே?"

"தெரியலம்மா."

"உங்ககூட வந்தவர் எடுத்துட்டுப் போயிட்டாரா? பாவம், அவரு கையெல்லாம் வெள்ளையா மாவு..."

போன் அடித்தது. விருத்தகிரி. மூச்சு வாங்கியது.

"மாமா... சூளை வாயில அடச்ச செவுரு இடிஞ்சி வுழுந்துடுச்சு."

"உனக்கு?"

"ஒண்ணும் ஆவல. அசதியில அதும் முன்னாலயே படுத்துத் தூங்கிட்டேன் மாமா. யாரோ எழுப்புனாங்க. 'உங்க மாமன் டீ குடுத்துட்டாரு, எந்திரிடா'ன்னு. நீங்கதான் திரும்பி வந்துட்டீங்களோன்னு எந்திரிச்சி கேட்டாண்ட போனேன். பின்னால மடமடன்னு... நான் படுத்திருந்த பாயி மேலயே, மாமா..."

"எப்ப?"

"இப்பதான். ஒண்ணு இருவது இருக்கும்."

கோதண்டபாணி அந்த மெத்தை நாற்காலியிலேயே குழந்தை மாதிரி அழுதார். தங்கம்மாள் முகத்தில் எப்படி விழித்திருப்போம் என்று நினைக்க நினைக்க அழுகை நிற்கவில்லை.

துபாய் போனார், ஒரு வாரத்தில் திரும்பினார். அதுவரை சூளையில் யாரையும் கை வைக்கவிடவில்லை. முதலில் மாடத்தில் டீ வைத்தார். பிறகுதான் இடிபாடுகளை எடுத்தார்கள். முன்வரிசைச் சரக்கு எல்லாம் நாசம். அதை இறக்கி, நடுவரிசையை இறக்கி, கடைசி வரிசைக்கு வந்தார்கள். முன்னால் இருப்பதை இறக்காமல் அங்கே கை எட்டாது. இரும்பே சிவந்து போகிற சூடு இருந்த இடம்.

ஃபியூஸ் கட்டைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோப்பை இருந்தது. கோதண்டபாணி எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். பச்சைப் பறவை.

கோப்பையிலிருந்து என்னவோ அவர் உள்ளங்கையில் விழுந்தது. டீப்பை. நூலும், நூலின் நுனியில் காகிதத் துண்டும் அப்படியே இருந்தன. காகிதத்தின் ஓரம்கூடக் கருகவில்லை.

பிழிந்து பார்த்தார். விரலில் ஈரம் ஒட்டியது.