ஐந்தாவது பை

சங்கரன்கோவில் ரயில் நிலையம். வண்டி வர இன்னும் பதினொரு நிமிடம் இருக்கிறது. என் பெஞ்சில் பாதியைப் பிடித்திருப்பது, வீட்டில் விஷப்பாம்பு வளர்க்கும் ஒரு பள்ளி ஆசிரியரின் மரப்பெட்டி. ஊர் ஊராகப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பாடம் நடத்துகிறாராம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். ஒன்றுக்கு ஒரு துணிப்பை. நான்கு முடிச்சுகளையும் எண்ணிய பிறகே உட்கார்கிறேன்.

அவர் காப்பி குடிக்கப் போகிறார். நான் வண்டி நேரத்தை மூன்றாம் முறையாக விசாரித்துவிட்டு வருகிறேன். இருவரும் திரும்பியதும் பெட்டியைத் திறக்கச் சொல்லி மறுபடி எண்ணுகிறேன். ஐந்து பைகள்.

"அஞ்சாவது நம்முதுதான் அண்ணாச்சி" என்கிறார், அருகில் நிற்கும் மேலநீலிதநல்லூர் விவசாயி. "வருசா வருசம் கோயில் உண்டியல்ல வேண்டுதலுக்கு வெள்ளித் தகட்டுப்பாம்பு போடுவேன். இந்தவாட்டி வைக்கப்படப்புல உசுரோடயே ஒண்ணு ஆம்புட்டுச்சு. கொண்டுபோனா உண்டியல் பக்கமே விடமாட்டேங்காவ. சார் வளக்காவல்லா, அதான் இதுல வச்சிட்டேன்."

ஆசிரியர் ஆசையாகப் பையைத் தூக்குகிறார். முடிச்சு அவிழ்ந்திருக்கிறது. "வெறும் பைல்லா வே இது!"

"பெட்டியத் தொறக்கக் கீழ வச்சேன். அதுவரைக்கும் கனமாத்தான் இருந்துச்சு" என்கிறார் விவசாயி.

நான் பெஞ்சின்மேல் ஏறிவிடுகிறேன். சுற்றி நிற்கும் ஏழு பேரும் ஓடவில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.

"பயப்படாதீய அண்ணாச்சி. சங்கரன்கோவில்ல பாம்பு கடிக்காது" என்கிறார் அவர்களில் ஒருவர்.

"அது மேலநீலிதநல்லூர்ப் பாம்பு ஐயா!" என்று கத்துகிறேன்.

வண்டி வந்து நிற்கிறது. இங்கே இரண்டு நிமிடம்தான் நிற்கும். பெஞ்சிலிருந்து வண்டி வாசலுக்கு ஒன்பது காலடி. இரண்டாவது காலடியிலிருந்து ஒன்பதாவதுவரை எனக்குக் கவலையில்லை.