அதிகாரி வரும் நாளில் மட்டும் தெளிந்த தண்ணீர்

எங்கள் சூபர்வைசரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோதுகூட, ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

எண்பதுகளின் கடைசியில், ஆவடிப் பக்கம் ஒரு குவார்ட்டர்ஸின் கழிவுநீர் நிலையத்தில் நான் ஆபரேட்டர். சாக்கடைத் தண்ணீரைத் தொட்டியில் தேக்கி, மோட்டார் போட்டுக் கலக்கிக் காற்றேற்றி, கசடு அடியில் தங்கியபின் தெளிந்ததை வாய்க்காலில் விட வேண்டும். அதற்கு மோட்டார் நிற்காமல் ஓட வேண்டும். இந்த மனிதர் ஓட விடமாட்டார். “எரிஞ்சு போச்சுன்னா மேலிடத்துக்குப் பத்து லெட்டர் எழுதணும். உங்கப்பனா வந்து எழுதுவான்?” என்பார். வாய்க்காலில் கறுப்பாகத்தான் போகும். மாதம் ஒருமுறை சாம்பிள் எடுக்க அதிகாரி வருவார். அன்று காலை மட்டும் மோட்டார் உறுமும். கடைசித் தொட்டியில் போர் தண்ணீரையும் கலந்துவிடுவோம். வால்வைத் திறந்த மகராசன் நான்தான்.

வாய்க்கால் போகிற வெள்ளானூர்ப் பக்கத்தில் ஓர் அம்மாள் கீரை போட்டிருந்தார். தண்ணீர் தெளிந்து வந்தால் எங்கள் கேட்டுக்கே வந்துவிடுவார். “இன்னா நைனா, இன்னிக்கு ஆபீசர் வர்றாரா?” அன்றைக்குப் பார்த்துத்தான் வீட்டுத் துணியெல்லாம் துவைப்பாராம். நான் சிரித்தேன். சிரித்திருக்கிறேன், தூ!

ஒரு கோடையில் அந்த அம்மாள் வேறு முகத்தோடு வந்தார். “வாய்க்கா தண்ணி ஊறி எங்க கெணறு நாறுது நைனா. குடிக்க அத்த உட்டா வேற தண்ணி இல்ல. புள்ளைங்களுக்கு நிக்காம வயித்தால போவுது. அந்த மோட்டாரத் தெனம் போடேன்.”

சூபர்வைசரிடம் சொன்னேன். “கீரைக்காரி சொன்னா மோட்டார் போடுவியா? நாளையிலேர்ந்து அவகிட்டயே சம்பளம் வாங்கிக்கோ” என்றார். மோட்டாரைத் தொடாமலே திரும்பிவிட்டேன்.

அடுத்த முறை அதிகாரி பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாள் இடுப்பில் குடத்தோடு விறுவிறுவென்று உள்ளே வந்தார். “சார், இத்த எடுத்துகினு போங்க. நேத்து இங்கேர்ந்து வந்த தண்ணி.”

அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு சூபர்வைசரைப் பார்த்தார். அந்த ஆள் என் பக்கம் திரும்பினார். “ஏய்யா, இது நம்ம தண்ணியா?”

“தெரியாது சார்” என்றேன்.

“தெரியாதா?” என்று கேட்ட அம்மாள், குடத்தை அப்படியே என் காலில் கவிழ்த்தார். அதிகாரி தன் ஷூவைக் காப்பாற்றிக்கொள்ள எகிறிக் குதித்தார். நான் குமட்டிக்கொண்டு குழாயடிக்கு ஓடி, சோப்பைப் போட்டுப் போட்டுத் தேய்த்தேன்.

அந்த அம்மாள் பின்னாலேயே வந்து நின்றார்.

“நல்லா தேச்சிக் கழுவு. கால்ல பட்டதுக்கே இப்டி ஓடறியே. எம்புள்ளைங்க இத்தத்தான் குடிச்சிகினு கீதுங்க.”