கதவைப் பிடிக்க ஒரு ஆள்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் பேருந்தில் போகிறவர்களுக்கு ஊர்ப் பெயர்ப் பலகை தேவையில்லை. மூக்கு போதும். முதுநகரில் கருவாடு. அதைத் தாண்டி ரசாயன ஆலைகள் இருக்கிற பக்கம், யாரோ முட்டையை வேகவைத்துவிட்டு அதை மறந்து ஊருக்குப் போய்விட்ட மாதிரி ஒரு வாடை. அப்புறம் கொஞ்ச தூரம் வெறும் வயல், நல்ல காற்று. அந்தக் காற்றை நிம்மதியாக உள்ளே இழுக்கிற நேரம் பார்த்து முன்சீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிடுவார். இத்தனையையும் தாண்டி வருகிறவள் என்பதால், அருவருப்பு என்ற பாடத்தில் எனக்கு இனி யாரும் வகுப்பெடுக்க முடியாது என்ற மிதப்பில் இருந்தேன். அந்த மிதப்பு கழிப்பறையில் வைத்து உடைந்தது. கையில் சாப்பாட்டுத் தட்டோடு இதைப் படிக்கிறவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு வரலாம்.

ஐம்பது நெருங்குகிற வயதில் எம்.ஏ. வரலாறு சேர்ந்தேன். மகள் வேலைக்கு வெளியூர் போய்விட்டாள். வீட்டிலிருந்த புத்தகங்களை மறுபடி மறுபடி படித்ததில் அவற்றுக்கே என்மேல் சலிப்பு வந்திருந்தது. சிதம்பரத்துக்கு வெளியே, வயலைத் தூர்த்துக் கட்டிய ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. நல்ல மழை பெய்தால் அந்த நிலத்துக்குப் பழைய தொழில் ஞாபகம் வந்துவிடும். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போக வேண்டும்.

இரண்டாம் ஆண்டில்தான் அந்தத் திட்டம் வந்தது. முதலாண்டுப் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்களாம். அதனால் மூத்த மாணவர்களில் சிலருக்குப் பயிற்சி கொடுத்து, ஆளுக்குச் சில பிள்ளைகளை ஒப்படைப்பார்களாம். பதவியின் பெயர் சக மாணவ வழிகாட்டி. பியர் மென்ட்டர் என்று பேட்ஜில் போட்டிருக்கும். யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது வகுப்பில் ஒரு கைகூட எழவில்லை, என்னுடையதைத் தவிர. தோள்பட்டை வலிக்காகக் கையை அவ்வப்போது மேலே தூக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அதை விளக்க எனக்கு அவகாசம் தரப்படவில்லை.

வீட்டில் சொன்னேன். கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அந்தக் காலேஜ்ல உனக்கு சகன்னா வாட்ச்மேனும் வேப்பமரமும்தான்" என்றார்.

பயிற்சி கொடுத்தவர் இந்தத் திட்டத்துக்குப் பொறுப்பான உதவிப் பேராசிரியர். என் தம்பி மகன் வயது. எனக்கு அவர் சார். அவருக்கு நான் அம்மா. கருத்தரங்கக் கூடத்தில் உட்கார வைத்துத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினார். கேளுங்கள். தலையாட்டுங்கள். அவர்கள் சொன்னதையே திருப்பிச் சொல்லுங்கள். அறிவுரை சொல்லாதீர்கள். தீர்வு சொல்லவே சொல்லாதீர்கள். என் அம்மா இதையெல்லாம் முன்பே படித்திருந்தால் எங்கள் வீடு எவ்வளவு அமைதியாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாருடைய முகத்திலும் ஒரே மாதிரியான கருணை. திரையில் இருந்த படத்தைப் பார்த்து வரவழைத்தது. எனக்குக் கொஞ்சம் குமட்டியது. பழியைக் காலையில் சாப்பிட்ட பூரிமேல் போட்டேன்.

பிறகு நடித்துக் காட்டச் சொன்னார்கள். நான் பிரச்சனையோடு வரும் மாணவி. என் வகுப்புப் பையன் ஒருவன் வழிகாட்டி.

"ஆன்ட்டி, உங்களுக்கு வருத்தமா இருக்கு, கரெக்டா?"

"இல்லப்பா, முட்டி வலிக்குது."

"ஓகே. முட்டி வலிக்கறது உங்களுக்கு வருத்தமா இருக்கு."

"கொஞ்சம் நாற்காலி குடுத்தா வருத்தம் போயிடும்."

"ஆன்ட்டி, சொல்யூஷன் சொல்லக் கூடாது. நீங்களும் சொல்லக் கூடாது."

கூடம் கைதட்டியது. நான் நின்றுகொண்டே கைதட்டினேன்.

கடைசியாக ஒரு விதி. ஒவ்வொரு சந்திப்பையும் திட்டத்தின் பேனரோடு ஜியோ டேக் போட்டோ எடுத்து, கல்லூரி வாட்ஸப் குழுவில் போட வேண்டும். இடம், தேதி, நேரம் எல்லாம் படத்தின் அடியில் தானாகவே பதிந்துவிடும். தர மதிப்பீட்டுக்கு வெளியிலிருந்து ஒரு குழு வரப்போகிறது, அவர்களுக்குக் காட்டுவதற்கு. "படம் இல்லன்னா சந்திப்பே நடக்கலன்னு அர்த்தம்" என்றார் சார். இந்த ஒரு பாடத்தைத்தான் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டேன் என்பது பின்னால் தெரிந்தது.

எனக்கு ஒப்படைக்கப்பட்டவர்களில் ஒரு பெண், ஸ்ரீமுஷ்ணத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். பொழுது விடிவதற்குள் கிளம்பி இரண்டு பஸ் மாறி வருவாள். நல்ல மதிப்பெண்ணோடு சேர்ந்தவள், இப்போது மதிய வகுப்புகளில் ஆளைக் காணோம். முதல் சந்திப்பில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். கணவர் சொன்ன என் சகா எங்களுக்கு நிழல் தந்தது.

"காலேஜ் புடிக்கலிங்க மேடம்" என்றாள்.

"காலேஜ் புடிக்கலன்னு உனக்கு வருத்தமா இருக்கு. கரெக்டா?"

"ஆமாங்க மேடம்."

தலையாட்டினேன். அவளும் தலையாட்டினாள். பேனரைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தோம். குழுவில் முதல்வர் கட்டைவிரல் போட்டார். அவர் எதற்கும் போடுவார். அடுத்த சந்திப்பும் இப்படியே போயிற்று. வழிகாட்டுவது இவ்வளவு சுலபம் என்று தெரியாமல் உலகம் ஏன் இத்தனை நாள் சிரமப்பட்டது என்று வியந்தபடி கடலூருக்குப் பஸ் ஏறினேன்.

மூன்றாவது சந்திப்பில் அவள் சொன்னாள்: "திங்கக்கெழம எங்கப்பா வராரு மேடம். டீசி வாங்கப் போறம்."

அன்று நல்ல வெயில். அவள் உதடு வெடித்திருந்தது. விதிப்புத்தகத்தில் இதற்கு என்ன இருக்கிறது என்று யோசித்து, ஒன்றும் தோன்றாமல், என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கினாள். மூடியைத் திறந்தாள். திரும்ப மூடிக் கொடுத்துவிட்டாள்.

"குடியேன்."

"வேணாங்க. வூட்டுக்குப் போய்க் குடிச்சுக்கறேன்."

"வீட்டுக்குப் போக சாயந்திரம் ஆயிடுமே?"

"அதாங்க. காலையிலருந்தே குடிக்க மாட்டன். குடிச்சா போவணுமில்ல?"

"போக வேண்டியதுதானே?"

"எங்கிங்க போறது?" என்றாள். பிறகு உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டாள்: "நீங்க எங்க மேடம் போறீங்க?"

இங்கே ஒரு விவரம். ஆசிரியைகளுக்கான கழிப்பறை எப்போதும் பூட்டியிருக்கும். அலுவலக உதவியாளர் அம்மாவிடம் சாவி இருக்கும், உடைந்த மர ஸ்கேலில் கட்டித் தொங்கவிட்டபடி. நான் சேர்ந்த முதல் நாளே என் நரையையும் காட்டன் புடவையையும் பார்த்து, "இந்தாங்க மேடம்" என்று அவரே சாவியை நீட்டினார். நான் மறுக்கவில்லை. வயதுக்குக் கிடைக்கிற மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். மாணவிகள் எங்கே போகிறார்கள் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. நாட்டின் வரலாற்றையே படிக்க வந்தவளுக்கு அடுத்த கட்டடத்தின் வரலாறு தெரியவில்லை.

"வா, காட்டு" என்றேன்.

"வேணாம் மேடம். நீங்க தாங்க மாட்டீங்க."

வெளிச்சுவரில் எங்கள் திட்டத்தின் சுவரொட்டி ஒட்டியிருந்தது: மனம் விட்டுப் பேசுங்கள், நாங்கள் கேட்கிறோம். உள்ளே நுழைந்ததும் கண்ணில் நீர் வந்தது, துக்கத்தினால் அல்ல. தரை முழுக்க என்னவென்று சொல்ல விரும்பாத ஓர் ஈரம். நடக்க வசதியாக யாரோ செங்கல் போட்டிருந்தார்கள். குழாயைத் திருகினால் காற்று வந்தது. வாளியின் அடியில் கொஞ்சம் தண்ணீர், அதில் புழு நெளிந்தது. எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் இல்லை. ஜன்னல் மேடையில் பழைய வினாத்தாள்களில் சுற்றிய பொட்டலங்கள். குப்பைத்தொட்டி நிரம்பி வழிந்ததால் அங்கே குடியேறியவை. அவற்றின்மேல் ஈ. பீங்கானைப் பற்றி எழுத மாட்டேன். என் கைபேசியில்தான் இதைத் தட்டுகிறேன், அதையும் நான்தான் பிறகு துடைக்க வேண்டும்.

வெளியே ஓடி வந்து வேப்பமரத்தடியில் காலையில் தின்றதை எல்லாம் வாந்தி எடுத்தேன். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"சொன்னன்ல" என்றாள்.

சாரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், புழு உட்பட. அவர் தலையாட்டினார். "அம்மா, உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு, புரியுது."

"எனக்கில்ல சார். அந்தப் பொண்ணு படிப்ப விடப் போவுது."

"அந்தப் பொண்ணு படிப்ப விடறது உங்களுக்குக் கஷ்டமா இருக்கு. ஆனா இது இன்ஃப்ராஸ்ட்ரக்சர் இஷ்யூ அம்மா. மென்ட்டரோட ரோல் கேக்கறது மட்டும்தான்."

நான் அந்தப் பெண்ணுக்கு ஆட்டிய அதே தலையாட்டல். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

சரி, குறுக்கு வழியில் போவோம் என்று அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு உதவியாளர் அம்மாவிடம் போனேன். "இந்தப் பொண்ணுக்கும் சாவி குடுங்க."

"ஸ்டூடண்டுக்குக் கெடையாது மேடம். ரூல்ஸ்."

வீரம் என்பது யோசிக்காத நேரத்தில் வருவது. "நானும் ஸ்டூடண்டுதாம்மா" என்று அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன்.

அவர் அட்டையைப் பார்த்தார். என் நரையைப் பார்த்தார். "அடிப்பாவி! இத்தினி நாளா என்னாண்ட சாவிய வாங்கிட்டுப் போயிட்டு இருந்தியே, நீ ஸ்டூடண்டா?" மேடத்திலிருந்து 'நீ' வரை இறங்க அவருக்கு ஒரு மூச்சுகூடத் தேவைப்படவில்லை. மர ஸ்கேல் மேசை டிராயருக்குள் போயிற்று.

ஆக, என் முதல் தலையீட்டின் பலன்: முன்பு ஒருத்திக்குத்தான் கழிப்பறை இல்லை, இப்போது இரண்டு பேருக்கு இல்லை. அந்தப் பெண் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் நானும் தண்ணீர் குடிக்காமல் வந்தேன். மதியத்துக்குள் தலை விண்விண் என்றது. இந்த வயதில், பிள்ளை பெற்ற உடம்பில், தும்மலே ஒரு சூதாட்டம். மௌரியர்களின் நிர்வாகத்தைப் பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்களுடைய வடிகால் ஏற்பாடு மட்டும் தெரிந்தால் போதும் என்றிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை அவள் அப்பா வருகிறார். நாளும் இல்லை, சாவியும் இல்லை. என்னிடம் இருந்தது ஒரு பேனரும் ஒரு விதியும்தான்.

வகுப்பு முடிந்ததும் முதலாண்டுப் பெண்களைக் கூப்பிட்டேன். "இன்னைக்கு சந்திப்பு பாத்ரூம்ல."

"ஐயோ ஆன்ட்டி, எங்க மூஞ்சி வந்தா வூட்ல கொன்னுடுவாங்க" என்றாள் ஒருத்தி.

"நீங்கள்லாம் பேனருக்குப் பின்னால ஒளிஞ்சுக்குங்க. என் மூஞ்சி போதும். எனக்கு இனிமே வரன் தட்டிப் போகப் போறதில்ல."

ஸ்ரீமுஷ்ணத்துப் பெண் பேனரின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை நான் பிடித்தேன். இன்னொருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு எடுத்தாள். எங்களுக்குப் பின்னால் செங்கல், வாளி, ஜன்னல் மேடை எல்லாம் தெளிவாக விழுந்தன. அடியில் இடம், தேதி, நேரம். 'சக மாணவர் சந்திப்பு. தலைப்பு: நீர் மேலாண்மை' என்று எழுதிக் குழுவில் போட்டேன்.

முதலில் முதல்வரின் கட்டைவிரல் வந்தது. பிறகு சாரின் போன்.

"அம்மா, அத டெலிட் பண்ணுங்கம்மா."

"பண்ணா சந்திப்பு நடக்கலன்னு ஆயிடுமே சார்."

"அம்மா ப்ளீஸ். ப்ரின்சிபால் லைக் போட்டுட்டு, அப்புறந்தான் படத்தப் பெருசு பண்ணிப் பாத்திருக்காரு. இன்ஸ்பெக்‌ஷன் வர்ற நேரத்துல..."

"உங்களுக்குப் பதட்டமா இருக்கு, புரியுது சார்" என்றேன். என் வாழ்க்கையில் நான் பயிற்சி எடுத்து, அதை முழுதாகப் பயன்படுத்திய ஒரே தருணம்.

திங்கட்கிழமை காலை போனபோது கல்லூரியே ஃபினாயில் வாடையில் மிதந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே தரை கழுவியிருந்தது, ஜன்னல் மேடை காலி, குழாயில் தண்ணீர். ஒரே ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். மற்றவற்றுக்கு ஆணி அடித்த தழும்பு மட்டும். தாழ்ப்பாள் போட வந்த ஆசாரி டீ குடிக்கப் போனவர், அப்படியே போய்விட்டாராம். இதையெல்லாம் ஒரு சனி, ஞாயிறுக்குள் செய்திருக்க முடியும் என்பதுதான் எனக்குப் புழுவைவிட அதிகமாகக் குமட்டியது.

அவள் அப்பா வராண்டாவில் நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு மஞ்சள் பை. என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"புள்ளைக்கு அடிக்கடி ஜொரம் வருதுங்க. யூரின்ல கிருமின்னு சொல்றாரு டாக்டரு. பஸ்ஸு சூடு ஒத்துக்கல போல. ஒடம்ப விடப் படிப்பா ஜாஸ்தி? அதான் கூட்டிக்கினு போயிடலாம்னு."

அவருக்குக் காரணம் தெரியாது. அப்பாவிடம் சொல்கிற விஷயமா அது? நான் தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் அந்தப் பெண் என் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை உருவினாள். அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தாள். பாட்டில் நெளிந்து சத்தம் போட்டது.

"பஸ்ஸு இல்லப்பா" என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டு. "இங்க பாத்ரூம்ல தண்ணி இல்ல. அதான் குடிக்காம இருந்தன். இப்ப வந்துடிச்சி."

அவர் வேப்பமரத்தைப் பார்த்தார். "அப்ப டீசி?"

"வேணாம்."

"நடவு ஆளுங்கள வுட்டுட்டு வந்துருக்கன்டி நான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மோட்டாரு நின்னுடாமப் பாத்துக்குங்க மேடம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். ஆரம்பித்த மரியாதை குறையாமல் எனக்கு மேடம் போட்ட கடைசி மனிதர் அவர்தான்.

பிறகு நாங்கள் இருவரும் போனோம். தாழ்ப்பாள் உள்ள கதவுக்கு வெளியே பெரிய வரிசை. தாழ்ப்பாள் இல்லாத ஒன்றுக்குள் நான் நுழைந்தேன். அவள் வெளியிலிருந்து கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அவர்களுக்குள் இது வழக்கமாம். பயிற்சியில் யாரும் சொல்லவில்லை. ஃபினாயில் நெடியில் மூச்சை அடக்கிக்கொண்டு, ஈரத்தில் புடவை படாமல், எதையும் தொடாமல் நிற்க நான் படுகிற பாடு வெளியே கேட்டிருக்க வேண்டும்.

"ஆன்ட்டி" என்றது கதவு. "உங்களுக்கு ரொம்ப வருத்தமா இருக்கு, கரெக்டா?"

"வாய மூடிக்கினு கதவ ஒழுங்காப் புடிடி" என்றேன்.